சென்னைத் தண்ணீருக்கு எந்த ஷ்ரிம்ப்?

மீன் தொட்டியில் வளர்க்கிற குட்டி இறால்களை ஷ்ரிம்ப் என்பார்கள். அக்கா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் அதில் நான்கு வகையின் படம் அனுப்பினான். முழுச் சிவப்பில் ஒன்று, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்டது ஒன்று, கண்ணாடி மாதிரி உடம்பில் புள்ளி வைத்தது ஒன்று, கடைசியாகக் கருஞ்சிவப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டும் வெள்ளைக் கையுமாக ஒன்று. கீழே ஒரே ஒரு வரி: "மாமா, இதுல எது வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்டேன், "உங்க வீட்டுத் தண்ணி டிடிஎஸ் எவ்வளவுடா?" அதற்கு முழிக்கிற பொம்மை ஒன்று வந்தது. தண்ணீரில் உப்பும் தாதுவும் எவ்வளவு கரைந்திருக்கிறது என்கிற அளவுதான் டிடிஎஸ்.

இதே கேள்வியை இரண்டு மாதத்துக்கு ஒருத்தராவது கேட்டுவிடுகிறார்கள். எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன். ஷ்ரிம்ப் வளர்ப்பில் முதலில் பார்க்க வேண்டியது குழாயில் வருகிற தண்ணீர், இரண்டாவது மே மாதம் உங்கள் தொட்டி தொடுகிற சூடு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த நான்கு படங்களையும் பார்த்தால் முடிவு பாதி தானாகவே வந்துவிடும்.

முதல் படம் செர்ரி. நியோகாரிடினா டேவிடி என்பது அதன் முழுப் பெயர். சொந்த ஊர் தைவான், கிழக்குச் சீனா, கொரியா பக்கம். காட்டில் இது சிவப்பே கிடையாது, சேற்றுக்குள் ஒளிந்துகொள்ள வசதியாகப் பழுப்பும் பச்சையுமாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், சாக்லேட் எல்லாம் மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து எடுத்த நிறங்கள். பெரிசானால் 3 செ.மீ. இருக்கும், பெண் கொஞ்சம் பெரிது, நிறமும் பெண்ணுக்குத்தான் அழுத்தம். ஒன்றரை வருஷம், மிஞ்சினால் இரண்டு வருஷம் ஆயுசு.

இதன் பெரிய பலம், தண்ணீர் விஷயத்தில் இருக்கிற பொறுமை. தண்ணீர் புளிப்பா காரமா என்று சொல்லும் பிஎச் 6.5-லிருந்து 8 வரை தாங்கும். ஜிஎச் என்கிற கடினத்தன்மை 6-லிருந்து 12 வரை இருக்கலாம். டிடிஎஸ் 150-லிருந்து 300 வரை வைத்துக்கொண்டால் நிம்மதி. சூடு 22-லிருந்து 28 வரை சுகம், 30 வரை சமாளிக்கும், அதற்கு மேல் காற்று நன்றாக ஓடினால்தான் தாக்குப்பிடிக்கும், ஏனென்றால் தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும்.

ஆனால் "எந்தத் தண்ணியிலும் வளரும்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நான் இருக்கும் மடிப்பாக்கம் வீட்டில் போர் தண்ணீர் டிடிஎஸ் 900. அதை நேராக ஊற்றி வளர்த்தபோது பெரிய ஷ்ரிம்புகள் இருந்தன, ஆனால் பெருகவில்லை, அடிக்கடி சட்டை உரிக்கும்போது ஒன்றிரண்டு செத்தன. தலைக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும், ஓடு அந்த இடத்தில் முழுசாகப் பிரிந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். வளையம் பார்த்த ஷ்ரிம்ப் பிழைத்து நான் ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன்.

தீர்வு சின்னக் கணக்குதான். வீட்டு ஆர்ஓ தண்ணீர் எனக்கு 40 காட்டும். ஒரு குடம் போர் தண்ணீருக்கு மூன்று குடம் ஆர்ஓ கலந்தால் 900-உம் 120-உம் சேர்ந்து 1020, அதை நான்கால் வகுத்தால் 255. செர்ரிக்கு வேண்டிய இடம் அதுதான். ஆனால் டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்தது எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கடலோரப் பக்கம் போர் என்றால் அதில் பாதி வெறும் உப்பாக இருக்கலாம், ஓடு கட்டத் தேவையான கால்சியம் குறைவாக இருக்கலாம். அதனால் மீட்டரோடு ஜிஎச் அளக்கும் சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்றும் வாங்கிவிடுங்கள், ஒரு தடவை வாங்கினால் ரொம்ப நாள் வரும். ஆர்ஓ மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடத்தைக் கழித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது தரை துடைக்கப் போகிறது.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் கதை தலைகீழ். அது மென்மையான தண்ணீர், செர்ரிக்குக் கால்சியம் போதாது. அங்கே நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டு வாங்கி, லவ் பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுவார்களே அதே கணவாய் ஓடுதான், ஒரு விரல் அளவு உடைத்துத் தொட்டியில் போட்டு வைக்கலாம்.

இரண்டாவது படம் கிரிஸ்டல் ரெட். பார்த்தால் ஆசை வராமல் இருக்காது, மிட்டாய்க் கடையில் பட்டை போட்ட பெப்பர்மின்ட் மாதிரி இருக்கும். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட தேனீ (Bee) ஷ்ரிம்புகளுக்கு நடுவே சிவப்பாகப் பிறந்ததை ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் பிரித்தெடுத்து, 1990-களில் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கொண்டுவந்த வகை இது. ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து வந்ததாலோ என்னவோ, செர்ரிக்கு இருக்கும் முரட்டுத்தனம் இதற்குக் கிடையாது.

இதற்கு வேண்டியது மென்மையான, லேசான புளிப்புத் தண்ணீர். பிஎச் 6-ஐ ஒட்டி, ஜிஎச் 4-லிருந்து 6, கேஎச் என்கிற கார்பனேட் கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்யம், டிடிஎஸ் 100-லிருந்து 150. அதாவது குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு கூட உதவாது; முழுக்க ஆர்ஓ, அதில் இதற்கென்றே விற்கும் தாது உப்புப் பொடியைக் கலந்து அளந்து ஊற்ற வேண்டும். அடியில் போடும் மண்ணும் சாதாரண மணலாக இருக்கக்கூடாது, பிஎச்சை இறக்கிப் பிடித்து வைக்கிற ஆக்டிவ் சாயில் வேண்டும், அது முதல் சில வாரம் அம்மோனியா கக்கும், ஒன்று ஒன்றரை வருஷத்தில் சக்தி தீர்ந்து மாற்றச் சொல்லும். எல்லாவற்றையும் கூட செய்துவிடலாம். செய்ய முடியாதது சூடு. இது கேட்பது 20-லிருந்து 24.

நான் ஒரு ஜனவரியில் பத்து வாங்கினேன். பிப்ரவரி கடைசியில் இரண்டு பெண்கள் சினையாகின. காலையில் காபியோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஏப்ரலில் தொட்டி மேல் குட்டி ஃபேன் மாட்டினேன். ஃபேன் காற்றில் தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் சென்னைக் காற்றே ஈரமாக இருப்பதால் இங்கே அந்த வித்தை அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மே இரண்டாவது வாரம், மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. நான் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது தெர்மாமீட்டர் 32. வெள்ளைப் பட்டையெல்லாம் பால் மாதிரி கலங்கிப்போய், ஒன்று கூட மிஞ்சவில்லை. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் வாங்கினால் நடக்கும், ஆனால் அது தொட்டி, ஷ்ரிம்ப், மண் எல்லாவற்றையும் சேர்த்த விலையைவிட அதிகம், கரண்ட் பில் தனி. பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். சென்னையில் ராத்திரி பகல் ஏசி ஓடுகிற அறை இல்லாமல் கிரிஸ்டல் வாங்காதீர்கள் என்பதுதான் என் பிடிவாதமான கருத்து.

மூன்றாவது, அமானோ. ஜப்பானிய நேச்சர் அக்வேரியம் கலைஞர் தகாஷி அமானோ 1980-களில் தன் தொட்டிகளில் பாசி தின்ன விட்டுப் பிரபலமாக்கியதால் வந்த பெயர். காரிடினா மல்டிடென்டேட்டா. 4, 5 செ.மீ. வளரும், வேலைக்காரப் பிராணி, நூல் பாசியை நூடுல்ஸ் மாதிரி உருவி உருவித் தின்னும். உங்களுக்குச் செடித் தொட்டி இருக்கிறது, பாசித் தொல்லைதான் பிரச்சினை, குஞ்சு பெருக்கும் எண்ணமில்லை என்றால் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் மூடி இல்லாத தொட்டியில் விடாதீர்கள், ஏர் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வந்து தரையில் காய்ந்து கிடக்கும்.

இதை வீட்டில் பெருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். அமானோ பெண் தாராளமாக முட்டை வைக்கும், ஆயிரக்கணக்கில். ஆனால் பொரிவது குஞ்சு இல்லை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத லார்வா. இயற்கையில் அது ஆற்றோடு அடித்துக்கொண்டு போய்க் கடல் சேர்ந்து, அங்கே வளர்ந்து, திரும்ப ஆறு ஏறும். நன்னீரிலேயே விட்டால் சில நாளில் எல்லாம் போய்விடும். பொரிந்தவுடன் தனித் தொட்டியில் கடல் அளவு உப்புத் தண்ணீருக்கு மாற்றி, பச்சைத் தண்ணீர் வளர்த்து ஊட்டி, ஒன்றரை இரண்டு மாதம் கழித்து உருமாறியதும் மறுபடி நன்னீருக்குக் கொண்டுவர வேண்டும். செய்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் கும்பிடு.

நான்காவது படம்தான் என் அக்கா மகனுக்கு உண்மையில் பிடித்தது என்று எனக்குத் தெரியும். கார்டினல், காரிடினா டென்னர்லி. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இருக்கும் மட்டானோ ஏரியில் மட்டும் வாழ்வது, அறிவியலில் பெயர் வைத்ததே 2009-ல்தான். இதில் சென்னைக்காரனுக்கு ஒரு சபலம் இருக்கிறது: அந்த ஏரித் தண்ணீர் 27-லிருந்து 30 டிகிரி, பிஎச் 8-ஐ ஒட்டி. அட, நம்ம ஊர் சூடுதானே! எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஆழமான பழங்கால ஏரி அது, தலைமுறை தலைமுறையாக மாறாத தண்ணீரில் வாழ்ந்து பழகியது, கொஞ்சம் ஏற்ற இறக்கம் வந்தாலும் தாங்காது. பிஎச் கூடுதலாக இருக்க வேண்டும் ஆனால் டிடிஎஸ் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் நம் போர் தண்ணீர் இதற்கும் ஆகாது. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான். விற்பனைக்கு வருவதில் பலதும் ஏரியில் பிடித்து வந்தவை, பயணத்திலேயே நொந்துபோனவை.

அதுமட்டுமில்லை, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் இது மிக அருகிய நிலையில் இருக்கிறது. அந்த ஏரியில் யாரோ கொண்டுபோய் விட்ட ஃப்ளவர்ஹார்ன் மீன் பெருகி அங்கிருக்கும் உயிரினங்களுக்கு ஆபத்தாகிவிட்டது. நம்மூரில் வாஸ்து என்று வரவேற்பறையில் வைத்து, நெற்றி வீங்கியிருந்தால் லட்சக் கணக்கில் விலை பேசுகிறார்களே, அதே ஃப்ளவர்ஹார்ன். தொட்டியில் பிறந்த குஞ்சு என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய நான் கார்டினல் வாங்க மாட்டேன்.

இதெல்லாம் போக, கடைகளில் அரோவானா மீனுக்கு உயிர்த் தீனியாக விற்கும் கண்ணாடி இறால் இருக்கிறது, விலை கொசுறு. அதை வாங்கி வளர்க்கலாம் என்று ஐடியா சொல்பவர்கள் உண்டு. அந்தப் பையில் எது எதுவோ கலந்து வரும். இரண்டாவது ஜோடிக் கால் நீண்டு நுனியில் இடுக்கி தெரிந்தால் அது மேக்ரோபிராக்கியம் வகை, வளர வளரக் குப்பி மீனின் வாலைப் பிடித்து இழுக்கும். வேண்டாம்.

ஆக, சென்னை மாதிரி ஊரில் புதிதாகத் தொடங்கி, குஞ்சும் பார்க்க வேண்டும் என்றால் செர்ரிதான். "எல்லோரும் வைத்திருப்பது" என்று முகம் சுளிக்க வேண்டாம். அடுத்து செர்ரிக்குள்ளேயே இரண்டு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்று, ஒரே நிறமா, கலந்தா? கடையில் கலர் கலராகப் பத்து போட்டு ரெயின்போ என்று தருவார்கள். முதல் இரண்டு மாதம் தீபாவளி. எல்லாம் ஒரே இனம் என்பதால் தங்களுக்குள் சேரும், இரண்டு மூன்று தலைமுறையில் பழைய பழுப்புக்கே திரும்பிவிடும். ஒரே நிறத்தில் தொடங்குங்கள், அதிலும் வெளிறிப் பிறப்பதை அவ்வப்போது பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வேண்டாததை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். ஐரோப்பாவில் வெந்நீர் கலக்கும் ஆறுகளில் செர்ரி தானாகவே குடியேறிப் பெருகியிருக்கிறது, நம் நீர்நிலைகளில் அதற்குக் குளிர்காலத் தடை கூடக் கிடையாது.

இரண்டு, மீனோடா தனியாகவா? குப்பி, மோலி, டெட்ரா எதுவுமே பெரிய செர்ரியை ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், ஆனால் குஞ்சு அதன் வாயில் கொள்ளும் அளவு. ஜாவா மாஸ் என்கிற தண்ணீர்ச் செடி அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தப்பும். பாசி மேய்கிற குட்டி மீனான ஓட்டோசிங்க்ளஸ் ஒன்றுதான் நான் நம்பி விடுவது. பெருக்குவதுதான் நோக்கம் என்றால் தனித் தொட்டி.

அந்தத் தொட்டியும் மேஜை மேல் வைக்கும் குட்டி ஜாடியாக வேண்டாம், சின்னது சீக்கிரம் சூடாகும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்றால் 56 லிட்டர் கிட்ட வரும், அதுவே போதும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா மாஸ், தெருவில் விழுந்து காய்ந்த இரண்டு நாட்டு வாதுமை இலை. நான்கு வாரமாவது ஷ்ரிம்ப் இல்லாமல் ஓட விடுங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், கண்ணாடியில் லேசாகப் பாசி படிய வேண்டும். குஞ்சுகள் மேய்வது அந்தப் படலத்தைத்தான்.

வாங்கும்போது கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போனாலும் சரி, கூரியரில் வரவழைத்தாலும் சரி, பெரிதாகச் சிவந்து நிற்பதை எடுக்காதீர்கள், அதற்கு ஏற்கனவே பாதி ஆயுசு முடிந்திருக்கும். 1.5 செ.மீ. அளவில் பத்துப் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்ததும் ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு ஒன்றிரண்டு சொட்டு விழும்படி தொட்டித் தண்ணீரை அவற்றின் டப்பாவில் இறக்குங்கள், இரண்டு மணி நேரம்.

பிறகு பார்க்க வேண்டிய காட்சி இது. பெண்ணின் தலைக்குப் பின்னால், முதுகில், மஞ்சளாகச் சேணம் மாதிரி ஒரு திட்டு தெரியும், அது சூலகத்தில் முட்டை திரள்வது. ஒரு ராத்திரி அது சட்டை உரிக்கும். மறுநாள் ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி தொட்டி முழுக்க நீந்தும். அடுத்த நாள் பார்த்தால் அந்த மஞ்சள் முதுகிலிருந்து வயிற்றுக்கு அடியில் இறங்கியிருக்கும், இருபது முப்பது முட்டை. நீந்தும் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருக்கும், நடுநடுவே ஒன்றைப் புரட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி, கண். அப்புறம் ஒருநாள் வயிறு காலி. அமானோ மாதிரி லார்வா தொல்லையெல்லாம் இல்லை, கமாப் புள்ளி அளவில் முழு ஷ்ரிம்பாகவே வெளியே வரும். உரித்த சட்டையைச் செத்துவிட்டது என்று நினைத்து எடுத்து வீசாதீர்கள், கால்சியத்துக்காக அவையே தின்றுவிடும். முருங்கைக் கீரையை ஒரு கொதி விட்டு ஒரு இணுக்கு போட்டால் பத்து நிமிஷத்தில் தண்டு மட்டும்தான் மிஞ்சும்.

தண்ணீர், சூடு எல்லாம் சரியாக இருந்தும் நான் ஒரு முறை நூற்றுக்கும் மேற்பட்ட செர்ரியை ஒரே நாளில் இழந்தேன். குடியிருப்பில் கரப்பான் மருந்து அடிக்க வந்தார்கள். தொட்டியைப் போர்வை போட்டு மூடினேன், ஏர் பம்ப்பை மறந்துவிட்டேன். அது சமையலறை அலமாரியில் இருந்தது, அங்கிருந்த மருந்துக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருந்தது. முதலில் மேலே மேலே பாய்ந்தன, அப்புறம் மல்லாந்து கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஷ்ரிம்பும் கரப்பானும் ஒரே கணுக்காலிக் குடும்பம், பைரித்ராய்டு என்கிற பூச்சிமருந்து இரண்டுக்கும் விஷம்தான். கொசுவத்தி, கொசு லிக்விட், எறும்பு சாக்பீஸ், கடையில் வாங்கி அப்படியே போட்ட செடி எல்லாவற்றிலும் இதே ஆபத்து. மீனுக்குப் போடும் செம்பு கலந்த மருந்தும் ஆகாது. கொசுவலை கட்டித் தூங்க வீட்டில் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் தொட்டி வாங்குங்கள்.

அக்கா மகன் நேற்று மீட்டர் வாங்கிவிட்டான். மேடவாக்கம் வீட்டு போர், 1150. கேன் தண்ணீர் 60. ஒன்றுக்கு நான்கு என்று கலந்தால் 278, செர்ரிக்குப் போதும், ஜிஎச் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் இறக்கலாம் என்று சொன்னேன். "அப்போ அந்த வெள்ளைப் பொட்டு வச்சது?" என்றான். மே மாதத்தில் இதைப் பேச வேண்டாம், இப்போது தொட்டியை மட்டும் ஓட விடு, ஷ்ரிம்பை ஐப்பசியில் வாங்கிக்கொள்ளலாம், அப்போது முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையை மொட்டை மாடியில் ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் உனக்குக் கேன் செலவும் மிச்சம் என்றேன். டிரம் எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.